மாஸ்க் பார்த்துப் பிள்ளை கொடுத்த கதை

எங்கள் மலையில் இருக்கிற கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் எனக்கு கேட்டு வேலை. சாயங்காலம் மணி அடித்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டில் நிறுத்தி, யார் பிள்ளையோ அவர்கள் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்து, எஸ்டேட் வேலையை விட்ட பிறகு இந்த வேலைக்கு வந்தேன். ஆயா என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கேட்டில் நின்ற காலத்தில் ஒரு பிள்ளை மாறிப் போனது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் யார் கையில் பன் இருக்கிறதோ அவர்கள் பின்னால் போய்விடும். அம்மாக்களும் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள். கண்ணுக்கு முன்னால் பிள்ளை நின்றாலும் பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் நிதானமாக ஒருத்தி இருக்க வேண்டும். அந்த ஒருத்தி நான்.

கேட்டை விட்டால் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஒரே இடம் கஞ்சிப்புரை. மத்தியானக் கஞ்சியும் பயறும் வேகிற கொட்டகை அது. அங்கே பெரிய அகப்பை என் கொழுந்தன் பெண்டாட்டி கையில் இருக்கிறது. எனக்கு ஓரகத்தி, வயதில் இளையவள். கல்யாணமாகி வந்தபோது ஆரத்தி எடுத்து அவளை வீட்டுக்குள் விட்டதே நான்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “அக்கா, அந்த வெங்காயத்தக் கொஞ்சம் உரிச்சுக் குடுங்க” என்று சொல்ல, நான் கீழே உட்கார்ந்து உரிப்பதா? அதற்கு நான் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் மாற்றலாகிப் போனார். திறந்தபோது புது சிஸ்டர் இருந்தார். சின்ன வயது, மலையாளக்காரர். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரியும். அந்தக் கண்கள் என்னை ஒரு நாள் மேலும் கீழும் பார்த்தன.

“அம்மே, வயசாச்சில்லே. கேட்டுல நிக்கிறது பெரிய பொறுப்பு. ஒரு குட்டி மாறிப் போனா, பின்னே அம்ம கஞ்சிப்புரையில இருந்தா போதும்.”

“மாறாதுங்க சிஸ்டரம்மா” என்றேன். சொல்லிவிட்டு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஏனென்றால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் முழுக்கப் புதுசு. அதுவரைக்கும் வீட்டில் போனைப் பார்த்துப் படித்த பிள்ளைகள். எல்லாம் ஒரே யூனிபாரம், எல்லாவற்றுக்கும் மாஸ்க். மூக்கும் தெரியாது, வாயும் தெரியாது. கண்களை வைத்து என்ன கண்டுபிடிக்கிறது? எல்லாப் பிள்ளைக்கும் கண் கறுப்புதான்.

சிஸ்டர்மார் பாடு அதைவிட மோசம். முக்காட்டுக்குள்ளே காது இருக்கிறது; மாஸ்க்கின் கயிற்றை எதில் மாட்டுவது? ஒரு சிஸ்டர் முக்காட்டின் இரண்டு பக்கமும் பட்டன் தைத்துக்கொண்டார். வயதான ஒரு சிஸ்டர் முக்காட்டின் மேலேயே இழுத்துக் கட்டுவார். அவர் பேசப் பேச மாஸ்க் முக்காட்டை இழுக்கும். காலை ஜெபம் முடிவதற்குள் முக்காடு புருவத்துக்கு இறங்கிவிடும். கடைசி வரியை அவர் தரையைப் பார்த்துத்தான் சொல்லுவார்.

எனக்கு வழி கிடைத்தது துணியில். எங்கள் பெண்கள் துணியை வீணாக்க மாட்டார்கள். ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டில் பிள்ளைக்கு மாஸ்க் தைத்துவிடுவார்கள். மயில்கழுத்து நிறத்தில் மாங்காய் போட்ட மாஸ்க் என்றால், அந்தத் துணியில் ரவிக்கை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். அன்றைக்கு அவள் வேறு ரவிக்கை போட்டு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். எந்தப் பெண்ணிடம் என்னென்ன ரவிக்கை இருக்கிறது என்று தெரியாமலா இத்தனை காலம் எஸ்டேட் லயத்தில் சுவரோடு சுவராகக் குடியிருந்தேன்? பொங்கலுக்கு யார் எடுத்தார்கள், யார் எடுக்காமல் எடுத்த மாதிரி பேசினார்கள், எல்லாம் மனப்பாடம். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒரு பிள்ளை மாறவில்லை. சிஸ்டர் ஒரு தடவை, “அம்மைக்கு நல்ல ஞாபகம்” என்றார். ரகசியத்தை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் பேச்சு வந்தது: மாஸ்க் இனிமேல் கட்டாயம் இல்லையாம். வேண்டியவர் போடலாம், வேண்டாதவர் விடலாம் என்று வைக்கலாமா என்று பேச, பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். பள்ளிக்கூடத்து மேனேஜரான ஃபாதர் நடுவில் உட்கார்ந்தார். அவர் தாடி பெரியது. மாஸ்க் தாடியின் மேல் பாதியை மூடியது; மீதி வெளியே இருந்தது. என் கவலை வேறு. மாஸ்க் போனால் என் துணி போகும். துணி போனால் கேட்டு போகும். டீ கொடுக்கிற சாக்கில் வாசலில் நின்றுகொண்டேன். ஓரகத்தியும் கெட்டிலோடு நின்றாள்.

ஃபாதர் ஆரம்பித்தார். “தெய்வம் மனுஷனுக்குச் சொந்தமாத் தீர்மானிக்கிற புத்தி கொடுத்திருக்கு. அதனால மாஸ்க் அவரவர் இஷ்டம்னு வைக்கலாம்னு தோணுது.”

சித்திரபுரம் கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற ஒரு அப்பா எழுந்தார். எப்போதும் இரண்டு மாஸ்க், ஒன்றின் மேல் ஒன்று. ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். அப்போதும் இல்லை. கடைசியில் இரண்டு மாஸ்க்கையும் கழுத்துக்கு இறக்கிவிட்டு, “எந்தக் காரணத்துக்கும் மாஸ்க்கை இறக்கக் கூடாதுன்னு சொல்றேன்” என்றார். சொல்லி முடித்து ஏற்றிக்கொண்டார்.

எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். வாய் நீளம். “இஷ்டம்னா டையும் இஷ்டந்தானே ஃபாதர்? எம்மவன் கழுத்துல அது கெடந்து நெருக்குது.”

“டை கட்டாயம்” என்றார் ஃபாதர்.

“மூச்சுக்கு நல்லதுன்னு போடுறது இஷ்டம், மூச்ச முட்டுறது கட்டாயமா?”

“ஷூவயும் கேளுத்தா” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “அப்படியே பீஸையும் கேட்டுரு” என்று இன்னொரு குரல். ஃபாதர் மணியை அடித்தார். பாட்டு டீச்சர் எழுந்து, பிள்ளைகள் பாடுகிறார்களா, சும்மா தலையை ஆட்டுகிறார்களா என்று தனக்கு இத்தனை நாளாகத் தெரியவில்லை, ஒரு முறையாவது அந்த வாய்களைப் பார்க்க வேண்டும் என்றார். பாவமாக இருந்தது.

காற்று அந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்ததும் நான் வாசலிலிருந்தே சொன்னேன். “சீக்கு இன்னும் போகல ஃபாதர். போடிப் பக்கமெல்லாம் இன்னும் இருக்காம். பச்சப் புள்ளைக. நாம பெரியவுகதான் பாக்கணும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் பேசினேன். அப்போது பக்கத்திலிருந்து ஓரகத்தி, டீ ஊற்றிக்கொண்டே, “நேத்துப் பைப்படியில மாஸ்க்கத் தாடையில தொங்கப் போட்டுட்டு வெத்தல மென்னுக்கிட்டு நின்னீங்களே அக்கா. சீக்குக்கு லீவா?” என்றாள்.

சிரித்தார்கள். ஃபாதரின் தாடியும் ஆடியது. கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். “ஆயாம்மா கைய இறக்குங்க, இது பெத்தவங்களுக்கு” என்றார்கள். மாஸ்க் அவரவர் இஷ்டம் என்று ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் பாதிப் பிள்ளைகள் மாஸ்க் இல்லாமல் வந்தன. ஒரு வருஷமாகப் பார்த்த பிள்ளைகள்தான். ஆனால் மூக்கும் வாயும் சேர்ந்து நின்றதும் அத்தனையும் வேறு பிள்ளைகள். ரொம்ப அமைதியானது என்று நான் நினைத்திருந்த ஒன்றுக்கு முன்பல் இரண்டும் இல்லை, காது வரைக்கும் சிரிப்பு. முரடு என்று நினைத்தது இன்னும் விரல் சூப்புகிறது.

சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. மணி அடித்தது. மாஸ்க் இல்லாத பிள்ளைகள் தானாக ஓடி அம்மாக்களைக் கட்டிக்கொண்டன. நான் அனுப்பி வைத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மாஸ்க் போட்ட பிள்ளைகள் மீதி. அதில் கிளிப்பச்சையில் மஞ்சள் பொட்டு போட்ட மாஸ்க்கோடு ஒரு பையன். எதிரே கிளிப்பச்சையில் மஞ்சள் பொட்டு ரவிக்கையோடு ஒரு பெண். அப்பாடா என்று இருந்தது. பையன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன்.

“இந்தா, புடி உம்மவன.”

“ஆயாம்மா, இவன் எம்மவன் இல்ல.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன்.”

“பாத்துட்டா சொல்ற? உன் ரவிக்கையப் பாரு, அவன் மாஸ்க்கப் பாரு.”

“எம்புள்ளய எனக்குத் தெரியாதா ஆயாம்மா? எம்மவன் இம்புட்டு உசரம் கெடையாது.”

“புள்ளைன்னா வளரத்தான் செய்யும். காலையில விட்டுட்டுப் போனது அப்படியே இருக்குமா?”

பையன் அவள் பையைப் பார்த்தான். பையில் பன் இருந்தது. “நான் இவுக கூடப் போறேன்” என்றான்.

“கேட்டியா? புள்ளையே சொல்லுது” என்றேன்.

அதற்குள் வகுப்பிலிருந்து பிந்தி ஓடி வந்த, மாஸ்க் இல்லாத ஒரு பொடியன் இடையில் புகுந்து அவள் சேலையைப் பிடித்து, “அம்மா, அம்மா” என்று இழுத்தான். “ஏலே, நீ யாருடா? பெரியவுக பேசும்போது தள்ளி நில்லு” என்று அவனை நான் ஒதுக்கினேன். அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவன்தான் ஆயாம்மா எம்மவன்” என்றாள். மூக்கு அவள் மூக்கேதான். அதை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

நிமிர்ந்தால் எதிரே சிஸ்டர். எப்போது இறங்கி வந்தாரோ.

பையன் முன்னால் குனிந்து அவன் மாஸ்க்கை மெல்ல எடுத்தார். முகத்தை வெகுநேரம் பார்த்தார். “இது ஆரு குட்டி?” என்று என்னைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அவரும் அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. பையனிடமே கேட்டார். பேரைச் சொன்னான். இந்த மாஸ்க் ஏது என்றார்.

“அவன் குடுத்தான். அவனுக்கு மாஸ்க் இஷ்டம் இல்லையாம். எனக்கு இஷ்டம். நான் என் ரப்பரக் குடுத்தேன்.”

விசாரித்துப் பார்த்தால் அன்றைக்கு வகுப்பு முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. வேண்டாத பிள்ளைகள் கழற்றி, வேண்டிய பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கின்றன. ரப்பருக்கு, பென்சிலுக்கு, நெல்லிக்காய்க்கு. ஊதா மாஸ்க் ஒன்று மூன்று முகம் மாறியிருந்தது.

“அம்மே, இத்தன நாள் எங்ஙனெ கண்டுபிடிச்சீங்க?” என்றார் சிஸ்டர்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “துணியப் பாத்துத்தாங்க.”

அவர் மாஸ்க் லேசாக அசைந்தது. சிரிக்கிறாரா, பல்லைக் கடிக்கிறாரா, தெரியவில்லை. “அம்மே, மாஸ்க் எடுங்க. குட்டிக்கு உங்களைத் தெரியுதான்னு பார்ப்போம்.”

எடுத்தேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி, வாய் நிறைய வெற்றிலைச் சிவப்பு. என் முகத்துக்கு என்ன குறை? பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு சிஸ்டர் உடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். “எங்க ஆயா எங்க?” என்று அழ ஆரம்பித்தான்.

மறுநாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு சிஸ்டர் அறைக்குப் போனேன். சொல்வதை அவர் சொல்வதற்கு முன்னால் நானே கேட்பதுதான் மரியாதை என்று பட்டது.

“அப்ப நான் கஞ்சிப்புரைக்கா சிஸ்டரம்மா?”

இனிமேல் பெற்றவர்கள் உள்ளே வந்து வகுப்பு டீச்சரிடமே பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். “பின்னே, குட்டி மாறிப் போகலை. போகப் பார்த்தது. அது வேற” என்றார். “கேட்டு திறக்கணும், அடைக்கணும். அதுக்கு ஆளு வேணுமே. ஆனா அம்மே, காலையில குட்டிகள் வரும்போது மாஸ்க் இல்லாம நில்லுங்க. அதுகளுக்கு முகம் பழகட்டும்.”

“மாஸ்க் இஷ்டந்தானே சிஸ்டரம்மா?” என்றேன்.

மாஸ்க் மறுபடியும் அசைந்தது. இந்தத் தடவை கண்களும் சுருங்கின. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பிள்ளை கொடுக்கிற வேலை போனது போனதுதான். ஆனால் கேட்டு கேட்டுதான். பெற்றவர்கள் உள்ளே போவதும் நான் திறந்தால்தான், பிள்ளையோடு வெளியே வருவதும் நான் திறந்தால்தான். ஃபாதரின் ஜீப்பே வந்து ஹாரன் அடித்துவிட்டு நிற்கிறது.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்து ஓரகத்தி வீட்டுக்குக் கிளம்பி வந்தாள். எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள் என்பது நடையிலேயே தெரிந்தது.

“ஏக்கா, கேட்ட யாருக்குத் தெறக்கணும்னு ரவிக்கையப் பாத்துத்தான் தெறப்பீங்களோ?”

மழை தூறத் தொடங்கியிருந்தது, அவளிடம் குடை இல்லை. சாவிக் கொத்தில் கேட்டுச் சாவி எது என்று கொஞ்சம் நிதானமாகத் தேடினேன்.