கடைசி வரிசையில் அண்ணன்

அந்த மேலாண்மைக் கல்லூரியில் யாரும் பாடம் நடத்துவதில்லை. அதைத் தொடங்கியவரே ஒரு தொழிற்சாலையை நடத்தி மூடியவர். பழைய கிடங்கொன்றில் பதினோரு மாணவர்களை உட்காரவைத்து, "ஜெயிச்சவன் சொல்றதை நம்பாதீங்க. தோத்தவன் கதையை நடுவுல போட்டுப் பேசுங்க" என்றாராம். கிடங்கு போய்க் கண்ணாடிக் கட்டடம் வந்த பிறகும் அதுதான் வழி. நிஜத் தொழில் ஒன்றின் கதையைப் பத்துப் பக்கத்தில் எழுதி முதல் நாளே கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கேஸ் என்று பெயர். மறுநாள் பேராசிரியர் கேள்வி மட்டும் கேட்பார், மாணவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கேஸ்களை எழுதுவதுதான் நம் ஆளுக்கு வேலை. கேஸ்காரர் என்றே அவரைக் கூப்பிடுவார்கள். இருபது வருஷ சர்வீஸ். சும்மா சொல்லக்கூடாது, ஒரு தகவலைக்கூட விசாரிக்காமல் எழுதமாட்டார். ஒரே ஒரு கேஸைத் தவிர.

அது அவருடைய சொந்த அண்ணனின் குடைத் தொழிற்சாலைக் கதை. மடக்குக் குடை வந்த புதிதில் அண்ணன் அதற்கு மாறத் துடித்தார். "வேணாம்ணே, நீளக் குடையை விட்டு ஜனங்க எங்கேயும் போகமாட்டாங்க" என்று அடித்துப் பேசித் தடுத்தவர் சாட்சாத் இந்தத் தம்பிதான். படித்த தம்பி சொல்கிறானே என்று அண்ணனும் கேட்டார். மூன்றே வருஷத்தில் தொழிற்சாலைக்குப் பூட்டு. பிறகு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த தம்பி, முதல் கேஸாக அதையே எழுதினார். உண்மையை எழுத வெட்கம் பிடுங்கித் தின்றது. 'தம்பி எடுத்துச் சொல்லியும் முதலாளி மாற மறுத்தார்' என்று எழுதிவிட்டார், பாவி மனுஷன்! சம்பந்தப்பட்டவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் எந்தக் கேஸும் வகுப்புக்குப் போகாது. அண்ணனோ படிக்கவே இல்லை. "நீ எழுதினதுதானேடா" என்று கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.

கதைக்கு உரியவரை அழைத்து, யாரென்று சொல்லாமல் கடைசி வரிசையில் உட்காரவைத்து, முடிவில் எழுப்பிப் பேசச்சொல்வது அங்கே வழக்கம். கேஸ்காரர் வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி அண்ணனை வரவிடாமல் பார்த்துக்கொண்டார். இந்த வருஷம் புதுப் பேராசிரியர் தானே போன் பண்ணி அழைத்துவிட்டார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

வகுப்பு அவரைக் கிழிகிழியென்று கிழித்தது. "தம்பிக்கு இருந்த மூளையில பாதி முதலாளிக்கு இருந்திருக்கலாம் சார்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற கேஸ்காரர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். பேராசிரியர் அண்ணனை எழுப்பி இன்னாரென்று சொன்னதும் சிரிப்பு அடங்கியது.

"ஐயா, தம்பி சொன்னப்போ நீங்க ஏன் கேக்கலை?" என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

அண்ணன் கதவுப் பக்கம் பார்த்தார். 'தடுத்ததே நான்தான்' என்று கேஸ்காரர் சொல்லியிருக்கலாம். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்திம்மா" என்றார் அண்ணன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வராந்தாவில் தம்பி தலை நிமிரவில்லை. "அண்ணே... மன்னிச்சிடுங்க. நாளைக்கே மாத்தி எழுதிடறேன்."

"எழுது" என்றார் அண்ணன். சட்டைப் பையைத் தடவி மூக்குக்கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "ஆனா இந்தத் தடவை படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."