அகராதியில் இல்லாத பதில்

அப்பாவின் ஆங்கில அகராதியைத் திறந்தால் முதலில் அந்துருண்டை நெடிதான் மூக்கில் ஏறும். பாளையங்கோட்டை வாடகை வீட்டில் அது பீரோவுக்குள் அம்மாவின் சேலைகளுக்கு நடுவே கிடந்தது. ஒவ்வொரு சொல்லும் எந்தப் பழைய மொழியிலிருந்து வந்தது என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆறாம் வகுப்புப் படித்த வருடம், நாளுக்கு ஒரு சொல்லாக அவற்றை நோட்டில் எழுதி வந்தேன். ஒரு நாள் ‘ஸ்கூல்’. ஆங்கிலத்துக்கு அதைத் தந்தது லத்தீன், லத்தீனுக்குத் தந்தது கிரேக்கம். கிரேக்கத்தில் அதற்கு முதலில் ஓய்வு என்று பொருள். இரண்டு முறை சரிபார்த்தேன்.

அம்மா டீச்சர். அவளுடைய லீவு லெட்டர்களை, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று, என்னைத்தான் எழுதச் சொல்வாள். மற்றவர்கள் காய்ச்சல், வயிற்றுவலி என்று எழுதுவார்கள். காலை ஜெபம் முடித்த கையோடு பொய் எழுதுவது எங்கள் வீட்டில் நடக்காது. ‘ஸ்கூல்’ எழுதிய மறுநாள் அம்மா எழுந்திருக்கவில்லை.

“காய்ச்சலாம்மா?”

“இல்லட்டி. ஒரு நாளு சும்மா படுக்கணும். பொய் எழுதிராத, பாத்து எழுது.”

பார்த்துத்தான் எழுதினேன்: ‘ஸ்கூல் என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஓய்வு என்று பொருள் இருப்பதால், எனக்கு இன்று ஒரு நாள் ஓய்வு தர வேண்டுகிறேன்.’ அம்மா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அதே பள்ளியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு ரஞ்சிதம் டீச்சர் அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

சாயங்காலம் லெட்டரோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். “எக்கா, ஒங்க லெட்டர பெரிய டீச்சர் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டாங்க. லீவு கெடச்சிட்டு, போங்க.”

அம்மா அப்போதுதான் வாசித்தாள். முகம் கறுத்துவிட்டது. தலைமையாசிரியை ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: ‘லீவு உண்டு. கிரேக்கர்கள் ஓய்வாக இருந்தபோது அவர்கள் வீட்டில் துணி துவைத்தது யார் என்று பார்த்துச் சொல்லவும்.’

அகராதியில் தேடினேன், அது இல்லை. லெட்டரைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. காலை ஒன்பதரைக்கே எழுந்து போர்வைகளை ஊறப்போட்டிருந்தாள். அடி விழும் என்று நின்றேன்.

“பொய் ஒண்ணும் இல்லல்லா” என்றாள். சொளகை எடுத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அகராதியைக் கரையான் தின்றுவிட்டது. லீவு லெட்டர் எழுதும் வழக்கமும் இப்போது இல்லை. நானும் இதே ஊரில் டீச்சர். நேற்று காலை எழுந்திருக்க முடியவில்லை. கைப்பேசியில் லீவு கேட்டால் காரணங்களின் பட்டியல் வருகிறது; ஒன்றைத் தொடலாம், எழுத இடமில்லை. களைப்பு என்று அதில் ஒன்றும் இல்லை. ‘காய்ச்சல்’ என்பதைத் தொட்டேன்.

ஒன்பதரைக்கு எழுந்து போர்வைகளை ஊறப்போட்டேன்.