ஓட்டத்துக்கு ஒரு ரீஸ்டார்ட்

காலை ஒன்பது நாற்பது. ஆலய அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் அணையாமல் எரிந்த சிவப்பு விளக்கு. ஹார்ட் டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு பஜார் பனிக்குள் இருந்தது.

"பைல் இன்னும் திறக்கலீங்க சார். நீங்க டீ குடிச்சிட்டே வந்திருக்கலாம்" என்றார் டீச்சர்.

வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை இரண்டு மாதமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவந்தார். முடிந்த ஏடுகள் கீழே சேலத்துக் காப்பகத்துக்குப் போய்விட்டன. கடைசி ஏடு அவர் மடியில் இருந்தது. மற்ற எல்லாம் அந்த ஒரே கோப்பில். புது டிஸ்க் போடலாமே என்று நான் முன்பே கேட்டதற்கு, "கமிட்டி கூடணுமுங்க" என்றிருந்தார்.

அதனால், என் பத்திரிகைக்கு ஒரு ஒப்பீடு எழுதவும் ஆகுமென்று, இரண்டு கேஷ் மென்பொருள்களைக் கொண்டுபோயிருந்தேன். டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்ததை மெமரியில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே தருவது இரண்டின் வேலையும். எது வேகம் என்று கைபேசியில் நேரம் பார்ப்பதாக ஏற்பாடு: கோப்பைத் திறப்பது, ஒரு பெயரைத் தேடுவது, ஏட்டிலிருந்து அடுத்த பதிவைச் சேர்த்துச் சேமிப்பது.

முதலாவது ஓரளவு உதவியது. இரண்டாவது பறந்தது. சேமிப்பதற்கு நேரமே ஆகவில்லை. எழுத வேண்டியதை மெமரியில் நிறுத்திவைத்து, பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும் வசதி அதில் உண்டு. அதை இயக்கியவன் நான். டீச்சரிடம் சொல்லவில்லை.

உடனே அடுத்த சோதனை ஓட்டத்தைத் தொடங்கப் போனேன்.

"ஏனுங்க, ரீஸ்டார்ட் பண்ணாமலா? போன தடவை படிச்சதெல்லாம் மெமரியில கிடக்குதுங்களே. பிப்பெட்டைக் கழுவாம அடுத்த ஆசிட்டை எடுப்பீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் போகுதே, டீச்சர்."

"பேப்பர்காரங்களுக்கு எப்பவுமே அவசரம். என் லேபா இருந்தா வெளிய நிக்க வெச்சிருப்பேன்."

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ரீஸ்டார்ட் செய்தோம். வேகமான மென்பொருளின் நான்காவது ஓட்டத்தில் டீச்சர் பதிவைச் சேர்த்தார், சேமித்தார். மறு விநாடி கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒருமுறை கத்தி அடங்கியது.

அப்போதுதான் அந்த வசதியைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றிருந்தால் கோப்பு மொத்தமும் திறக்காமல் போகலாம் என்பதையும் சொன்னேன். பென் டிரைவ் என் சட்டைப் பையிலேயே இருந்தது. தொடங்குமுன் நகல் எடுத்திருக்கவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்னங்க சார்?"

பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கரண்ட் வந்தது. சிவப்பு விளக்கு நெடுநேரம் எரிந்தது. கோப்பு திறந்தது. முதல் ஏட்டின் முதல் பக்கத்திலிருந்து டீச்சர் உருட்டிக்கொண்டே வந்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் விட்டேன். கம்ப்யூட்டரை முறையாக அணைக்கும்போது அந்த மென்பொருள் கையிலிருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் போகும். டீச்சர் வற்புறுத்திய ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் அதைச் செய்திருந்தது.

"கழுவினது நல்லதாப் போச்சுங்களா?" என்றார். ரொம்ப நேரத்துக்குப் பிறகு சிரித்தார்.

கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்தேன். வேகமான மென்பொருளை நீக்கினேன்.

விடுபட்டிருந்தது ஒரே ஒரு பதிவு: தலைச்சோலை கிராமத்திலிருந்து ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரப்பட்ட, பிறந்து பதினொரு நாளான ஒரு பெண் குழந்தை. ஏடு அந்தப் பக்கத்தில் திறந்தே இருந்தது.