லைசென்ஸ் வந்தது, லோடு எங்கே?

பைலட் போய்விட்டான்.

இன்று விடிகாலை... போடியில், தன் வீட்டில். மாரடைப்பு என்கிறார்கள். போன் வந்ததிலிருந்து எனக்கு ஒரு சோலியும் ஓடவில்லை.

பைலட் என்றால் என் அக்கா மகன் சௌந்தரபாண்டி. வயதில் எனக்குக் கொஞ்சம்தான் இளையவன், ஆனாலும் முறை முறைதான். நான் மாமா, அவன் மாப்ளே.

சபையோரே, யாரும் நம்ப முடியாத ஒரு கதையை இப்போது சொல்லப் போகிறேன். குரங்கணி மலை மேல் ஆணை. நம்பாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம்.

எழுபதுகளின் கடைசி. குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த என் மச்சான், அதாவது அவன் அப்பா, மகனை மதுரை ஃப்ளையிங் கிளப்புக்கு அனுப்பி விமானம் ஓட்டப் படிக்க வைத்தார். ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்தவர்கள் எங்கள் ஜில்லாவில் லட்சம் பேர். ஏரோப்ளேனிலிருந்து ஜில்லாவைக் குனிந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

பிரைவேட் பைலட் லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று தந்தி வந்தது. அடுத்து என்ன செய்வது என்று மகன் அங்கே யோசித்துக்கொண்டிருக்க, மச்சான் இங்கே முடிவே செய்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒருத்தன் லைசென்ஸ் எடுத்தால் மறுநாள் ஜீப்பில் லோடு அடிப்பான். வேறு எதற்கு லைசென்ஸ்?

பொட்டிபுரத்துச் சோளக்காட்டை அறுத்துத் தள்ளி, மேடு பள்ளம் நிரவி, ரன்வே போட்டார் மச்சான். தோட்டக்காரர்கள் அத்தனை பேரிடமும் வாக்குக் கொடுத்தார். "இனிமே லாரிக்காரன் கால்ல விழ வேணாம்ப்பா. இங்க ஏத்துனா பொழுது சாயமுன்ன எம் மகன் பம்பாய்ல எறக்கிருவான்."

அந்த நாள் வந்தது. மேளம், மாலை, மலை போல ஏலக்காய் மூட்டை. பத்தாயிரம் பேர் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள், கழுத்து சுளுக்கியவர்களுக்கு எண்ணெய் தேய்க்கத் தனியாக ஆள்...

மாப்ளே தேவாரம் போகிற பஸ்சில் வந்து இறங்கினான். கையில் தகரப் பெட்டி.

"ஏரோப்ளேன் எங்கடா?"

"அது கிளப்பு வண்டிப்பா. வீட்டுக்கெல்லாம் குடுத்துவிட மாட்டாக."

"லைசென்ஸ் உம் பேர்லதான இருக்கு?"

"இருக்கு. ஆனா காசு வாங்கிட்டு ஆளோ லோடோ ஏத்தக் கூடாது. அதுக்கு கமர்ஷியல் லைசென்ஸ் எடுக்கணும். இன்னும் ரொம்ப மணி நேரம் பறக்கணும்ப்பா... திரும்பப் போறேன். என்னைய அனுப்பி வைங்க."

அவன் கேட்டது அது ஒன்றுதான்.

கூட்டத்தில் தேவாரத்துத் தோட்டக்காரர் ஒருவர் சிரித்தார். "இதுக்கு எங்க கழுதை தேவலயே மாமா. லைசென்சு இல்லாமயே லோடு அடிக்குது."

மச்சான் ஜீப்பின் முன்னால் மாட்டிச் சுற்றி வண்டியைக் கிளப்புகிற இரும்புக் கம்பியை உருவினார்.

முதல் வீச்சில் பறந்த பற்களை மூணாறில் பொறுக்கினார்கள். இரண்டாவது வீச்சில் மேளக்காரர் மேளத்துக்குள் போய்விட்டார். தோட்டக்காரர்கள் அருவாளோடு வர, மச்சான் வகையறா மண்வெட்டியோடு வர, கிழிந்த மூட்டையிலிருந்து ஏலக்காய் கொட்ட, அதில் ரத்தம் சொட்ட... யார் யாரை அடிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே அடித்தார்கள். ஒருவன் தன் மண்டையையே உடைத்துக்கொண்டான். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்காரர்கள் "உருள்பொட்டல், உருள்பொட்டல்" என்று கத்தி, மலை சரிகிறதாக்கும் என்று ஓடினார்கள்.

மச்சானின் கடைசி வீச்சுக்குக் குறி தேவாரத்துக்காரர். குறுக்கே போய் விழுந்தது மாப்ளேயின் வலது மணிக்கட்டு.

எலும்பு கோணலாகக் கூடியது. கமர்ஷியல் லைசென்சுக்கு மெடிக்கல் டெஸ்ட் உண்டு. டாக்டர் கையை மூடிக் காட்டச் சொன்னார்... மூடவில்லை.

அதற்கப்புறம் அவன் குரங்கணி ரோட்டில் ஜீப்பு ஓட்டினான். லோடு அடித்தான்.

கிளப்புவதற்கு முன், ஏரோப்ளேனுக்குச் செய்யக் கற்ற மாதிரியே ஜீப்பைச் சுற்றி வருவான். டயரைத் தட்டிப் பார்ப்பான். துளி பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் காட்டிப் பார்ப்பான். "அண்ணே, மெட்ராசுக்கு டிக்கெட் இருக்கா?" என்று கேட்பார்கள். "நிக்கிற சீட்டுதான் இருக்கு, ஏறுங்கப்பா" என்பான்.

கையைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான். "லேண்டிங் கொஞ்சம் முரடாப் போச்சு."

எண்பதுகளில் ஒருநாள் லோடுமேன் ஒருவன் விளையாட்டாக, "உங்கப்பன் ஒடச்ச கைதானண்ணே" என்றான். மாப்ளே இடது கையால் அவன் தொண்டையைப் பிடித்து ஜீப்பின் பானெட்டோடு வைத்து அழுத்தினான். அவன் முகம் நீலம் பாரித்தது, கால் தரையை விட்டு எழும்பியது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பிரித்தோம். "லேண்டிங்னு சொன்னேன்ல," என்றான், மெதுவாக.

அந்த ஜீப்பில் செல்ஃப் எடுக்காது. ஒடிந்த கையால் கம்பியைச் சுற்றவும் முடியாது. தான் சாகும்வரை தினமும் காலையில் மச்சான்தான் வந்து சுற்றுவார். வண்டி உறுமியதும் கம்பியை நீட்டுவார், அவன் வாங்கி சீட்டுக்கடியில் போடுவான். இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

சரி. அந்தச் சண்டையைத் தட்டிப் பார்த்தால்... மூணாறில் பொறுக்கிய பல் பொய். மேளம் பொய், அருவாள் பொய். பத்தாயிரம் பேரும் பொய். மாப்ளே வரும்போது அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். தேவாரத்துக்காரர் சிரித்தது அவன் பஸ்சை விட்டு இறங்குவதற்கு முன்னால். அறுத்த சோளக்காட்டில் அப்போது நின்றது அப்பன், மகன், நான்.

மச்சான் ஒரே ஒரு தடவைதான் ஓங்கினார். குறி பார்த்துத்தான் ஓங்கினார். அது மட்டும் உண்மை.

பஸ் ஏறிவிட்டேன் மாப்ளே. தூக்குவதற்குள் வந்துவிடுகிறேன்.