சஹனில் என் பக்கம்

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில், பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலிக்கவே இல்லை. வலிக்காவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது) புற்றுநோய் என்றது. முதலில் கீமோ (மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்குவது), பிறகு அறுவை. கட்டி சுருங்குமா என்பதே எங்கள் வீட்டின் ஒரே கேள்வியாகிவிட்டது.

ஆராய்ச்சிக்கென்று கொஞ்சம் ரத்தமும் கேட்டார் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. அதில் பார்க்கப்போகும் மைக்ரோ ஆர்.என்.ஏ. (செல்லுக்குள் இருக்கும் மிகச் சிறிய மூலக்கூறு) பற்றி விளக்கினார்.

"ஜீன் அனுப்புற உத்தரவைப் பிடிச்சு, 'போதும், நிறுத்து'ன்னு சொல்றதுதாம்மா அதுக வேலை. புற்றுநோயில சிலது குறைஞ்சுபோகும், சிலது கூடிரும். நிறுத்தச் சொல்றது குறைஞ்சா, செல்லு பாட்டுக்குப் பெருகும்."

என் வீட்டுக்காரர் காதருக்குப் பழங்காநத்தத்தில் பாத்திரக்கடை. கடையில் எது குறைந்தாலும் அன்றைக்கே வாங்கி அடுக்கிவிடுவார். அவர் காதில் விழுந்தது 'குறைஞ்சுபோகும்' மட்டும்தான். மறுநாளே ஆட்டுக்கால் சூப்பும் ஈரல் வறுவலும் வந்துவிட்டன.

"அம்புட்டையும் குடி புள்ள. அந்த ஆர்.என்.ஏ. குட்டிகளுக்குத் தெம்பு வேணாமா?"

அடுத்த முறை டாக்டரம்மாவிடமே இதைப் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அண்ணே, சூப்பு குடிச்சுக் கூடுற சாமான் இல்ல அது. அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான். இவங்களுக்கு வைத்தியம் கீமோ."

கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருந்ததால், தொற்று வராமலிருக்க எனக்குத் தனித்தட்டு என்றும் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சஹன்தான். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்போம். கல்யாணமான நாள் முதல் அவர் நல்ல கறித்துண்டையெல்லாம் என் பக்கம் தள்ளுவார். நான் "போதுங்க" என்று கையால் மறிப்பேன். தினமும் நடக்கும் சண்டை.

தனித்தட்டின் முன்னால் எனக்கு "வேணாம்" மட்டுமே வந்தது. வாயெல்லாம் இரும்பு ருசி. அவர் சஹனில் தனியாகச் சாப்பிட்டு, என் பக்கத்துச் சோற்றைத் தொடாமல் விட்டிருப்பார். அதைப் பார்த்துத்தான் முதன்முதலாக அழுதேன்.

கட்டி சுருங்கியது. அறுவையும் முடிந்தது. இனி வராதென்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எத்தனை வருஷம் என்று நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அடுத்த வேளைச் சோறு வரைக்கும்தான் இப்போது என் நாள்.

அறுவைப் புண் ஆறி, தொற்று பயம் விலகியதும், சேர்ந்து சாப்பிடலாம் என்றார்கள். அன்று மதியமே சஹன் வைத்தோம். மார்பில் ஒரு பக்கம் தட்டை. இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. அவர் கறியைத் தள்ளினார். தின்றேன். மறுபடி தள்ளினார். அதையும் தின்றேன். அடுத்ததைக் கையால் மறித்தேன்.

"போதுங்க."

அவர் கை அப்படியே நின்றது. கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லு புள்ள."

சொன்னேன். சொல்லிவிட்டு அந்தத் துண்டையும் தின்றேன்.