இஷ்டப்படி ஆடச் சொன்னால்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்குப் 'பிரேக் அக்கா' என்று பெயர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே தலை நரைத்தவள். பயணிக்கிற பஸ்ஸில்கூட அவள் கால் தானாகத் தரையை அழுத்தும்.

அவளை நடன வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது கணவன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வாயில்லாப் பூச்சி. சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டால், "எதுன்னாலும் சரி" என்பான்.

வகுப்பு, ஒரு பழைய கிடங்கின் மாடியில். மொட்டையடித்தாற்போல் முடி வெட்டியிருந்த டீச்சர் சொன்னாள்: "இங்க ஸ்டெப்பே கிடையாது. உங்க உடம்பு எங்க போகச் சொல்லுதோ, அங்க போங்க."

"என் உடம்பு வீட்டுக்குப் போகச் சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

காற்றாக அசையுங்கள் என்றாள் டீச்சர். பிறகு ஈரத் துணியாகத் துவளச் சொன்னாள். பிரேக் அக்கா கைப்பையோடு சுவரோரம் நின்றாள். அவள் கணவனோ தரையில் புரண்டு, எழுந்து, சுழன்றுகொண்டிருந்தான்.

"வீட்டுல கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னா இடுப்பு பிடிச்சுக்கும். இங்க மட்டும் எப்படிங்க உருளுறீங்க?"

"தெரியலையே," என்றான், மூச்சு வாங்க.

சில வாரம் கழித்து ஜோடியாகச் செய்யும் பயிற்சி வந்தது. ஒருவர் கண்ணை மூட வேண்டும். மற்றவர் விரல் நுனியால் வழிநடத்த வேண்டும். முதலில் அவள் கண்ணை மூடினாள். அவன் இழுத்த ஒவ்வொரு பக்கமும் அவள் வலது கால் தரையில் ஊன்றிக்கொண்டது.

"எங்க போறீங்கன்னு சொல்லிட்டுப் போங்களேன்!"

"எனக்கே தெரியாதும்மா."

"தெரியாம ஏன் கிளம்பினீங்க?"

"சரி, நீ கூட்டிட்டுப் போ," என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. வெறும் தரை. வளைவு இல்லை, சிக்னல் இல்லை. எந்தப் பக்கம் திருப்புவது? கோபத்தில் கையை வெடுக்கென்று இழுத்தாள், அவன் சுழன்றான். அலுப்பில் தோளைத் தொங்கவிட்டாள். அவன் அப்படியே முழங்காலில் சரிந்தான். சும்மா இருக்க முடியாமல் அவனைத் தூக்கி, தள்ளி, சட்டென நிறுத்தினாள். எத்தனையோ வருடமாக அவனிடம் சொல்லி அலுத்ததெல்லாம் அவள் விரலிலிருந்து அவன் முதுகுவரை போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவன் கண்ணைத் திறந்தான். "இவ்வளவு கோபமா என் மேல?"

"அப்பாடா, இப்பவாவது புரிஞ்சுதே."

"போதுமா?"

"இன்னும் பாதிகூட ஆகலை. கண்ணை மூடுங்க," என்றாள், கைப்பையைத் தூர வைத்துவிட்டு.

அதற்குப் பிறகு ஒரு வகுப்பையும் அவள் தவறவிடவில்லை. சொல்லித்தர ஒன்றுமில்லாத வகுப்பு என்ற அவள் புகாரை மட்டும், போகும்போதும் வரும்போதும் அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.