புகைப்புரையில் ஒரு பேய்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்றுவந்த ரசலையனுக்கு, 2004 டிசம்பர் இருபத்தாறாம் தேதியோடு பயம் என்கிற உறுப்பு வேலை செய்யாமல் போயிற்று. கூடவே அழுகையும் நின்றது. இரண்டும் ஒரே நரம்பில் ஓடுகின்றனவா என்று எந்த டாக்டரிடமும் அவன் கேட்கவில்லை.

அன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இறைச்சி தின்று நாக்குச் செத்துப்போன தம்பி யேசுவடியான், நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போனான். அன்றைக்குக் கடல் விற்கவில்லை, வாங்கிக்கொண்டது. முதலில் ஸ்கூட்டர் கிடைத்தது, பிறகு தம்பி கிடைத்தான். அடக்கத்தன்று ஊரே அழுதபோது ரசலையன் பந்தல்காரனின் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். என்ன மனத்திடம் என்று சபையின் பெரியவர்கள் மெச்சினார்கள்.

மனத்திடம் அதற்குப் பிறகும் தீரவில்லை. கடைக்கு நேராகப் பிரேக் பிடிக்காத ஒரு டெம்போ வந்தபோது சந்தையே ஓடியது. ரசலையன் மட்டும் தராசுப் பக்கத்தில் நின்று ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தான். டெம்போதான் பயந்து ஓடையில் இறங்கியது. வீட்டுக்குள் வந்த அணலிப் பாம்பை, வந்த விருந்தாளியை வழியனுப்புவதுபோல வாரியலால் தள்ளி வெளியே விட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி தேவகனி பயந்தாள்.

"ஒரு மனுசனுக்குக் கொஞ்சமாவது பயம், பேடி வேண்டாமா?" என்றாள். "பேடி இல்லாதவனும் செத்தவனும் ஒண்ணுதான், கேட்டீங்களா?"

கேட்டான். யோசித்தும் பார்த்தான். தன் ஆயுளில் உருப்படியாகப் பயந்தது ஒரே முறை என்று தெரியவந்தது. சிறுவயதில், தம்பியோடு ஓலைக்கொட்டகையில் பார்த்த ஒரு கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். ராந்தலோடு ஒருவன் பாழுங்கிணற்றை எட்டிப் பார்க்கிற இடத்தில் யேசுவடியான் அண்ணனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். நகம் பதிந்து ரத்தம் வந்தது. இருவரும் ரப்பர் தோட்டத்தின் வழியே ஓடியே வீடு சேர்ந்தார்கள். நிக்கரை நனைத்தவன் தம்பி என்று இன்றுவரை ஊர் சொல்கிறது. அண்ணனும் நனைத்திருந்தான். வழியில் மழை பெய்து மானத்தைக் காப்பாற்றியது.

அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தால் உறுப்பு ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ரசலையன் இதை முடிவுசெய்த விதம், பழுதான பம்புசெட்டுக்கு மெக்கானிக் தேடுகிறவனுடையது.

சிக்கல் ஒன்றுதான். படத்தின் பெயர் தெரியாது. ஓலையைப் பிரித்துக் கொட்டகைக்குள் நுழைகிறவர்களுக்குப் பெயர் போடுகிற கட்டம் வாய்ப்பதில்லை. ஆகவே குறைந்த செலவில் எடுத்த பேய்ப்படம் எங்கே கிடைத்தாலும் வாங்குவது என்று ஆயிற்று. தியேட்டர்கள் கல்யாண மண்டபங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படக்கம்பெனிக்காரர்கள் ஓலைக்கொட்டகைகளுக்கு அனுப்பிவந்த பதினாறு எம்.எம். படப்பெட்டிகளை, பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைகளுக்குத் தள்ளினார்கள். சினிமாவுக்கு மீட்பர்கள் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தவன் பேய் மட்டும் போதும் என்றான்.

ஓட்டுகிற மெஷின் உபதேசியார் ஞானதாசனிடம் இருந்தது. கிராமம் கிராமமாகத் திரை கட்டிச் சுவிசேஷப் படம் காட்டிய பதினாறு எம்.எம். மெஷின். ஆண்டவரின் பாடுகளை எண்ணற்ற முறை காட்டிய அதே விளக்கில், ஞாயிறு மத்தியானங்களில், ரசலையன் சரக்கு வைக்கும் இருட்டுக் கிட்டங்கியின் சுவரில் மோகினிகள் நடந்தார்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே பங்களா. எல்லாப் பங்களாவுக்கும் ஒரே பூனை. பனிமூட்டத்துக்காகத் தேங்காய் மட்டை புகைவது தெளிவாகத் தெரிந்தது. தொழில்முறையில் பிசாசோடு பரிச்சயம் உள்ள உபதேசியாரே அங்கங்கே கண்ணைப் பொத்திக்கொண்டார். ரசலையன், ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குமிழ் தேடுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"ஒனக்கு ஒண்ணுமே தோணலியா மக்கா?"

"பேய் கையில வாச்சு கெட்டியிருக்கு உபதேசியாரே."

"அதுக்கும் பன்னெண்டு மணி எப்பம்னு தெரியண்டாமா?"

பெட்டிகள் பெருகின. அவற்றை எங்கே வைப்பது? நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் போதும், செருப்பிலேயே பூஞ்சை படரும். ரப்பர்காரனுக்கு இதில் இரண்டாவது யோசனை கிடையாது. ஷீட்டைப் பூஞ்சையிலிருந்து காப்பது புகை. பரணில் ஷீட்டை அடுக்கிக் கீழே விறகைப் புகையவிடும் புகைப்புரைதான் அவன் அறிந்த உத்தமமான இடம். மேல்பரணில், நல்ல சூட்டில், பேய்களைக் குடிவைத்தான்.

2009இல், திருவனந்தபுரத்து ஆக்கர் கடையில் வாங்கிவந்த பெட்டி ஒன்றைத் திறந்து, ஞானதாசன் பிலிமைக் கையால் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒரு கெணறு. ஒரு ஆளு ராந்தலோட எட்டிப் பாக்கியான்."

ரசலையன் வாங்கிப் பார்த்தான். கிணற்றின் உடைந்த விளிம்பு, அதை ஒட்டி ஒற்றைப்பனை.

"இதுதான்."

"மாட்டட்டா?"

"இன்னைக்கு வேண்டாம்."

டிசம்பர் இருபத்தாறு அன்று பார்க்கலாம் என்றான். டிசம்பர் வந்தது. கடையில் சரக்கு அதிகம் என்றான். அடுத்த டிசம்பரில் மெஷினில் பல்பு மங்கல் என்றான். அதற்கும் அடுத்ததில் காரணம் சொல்லக்கூட இல்லை. இந்தப் படத்துக்கும் ஒன்றும் தோன்றாவிட்டால், பிறகு பார்க்க வேறு படம் கிடையாது. இந்தத் தயக்கத்துக்கு ஊரில் பயம் என்றுதான் பேர். ரசலையன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இடையில் தேவகனி ஒருநாள் புகைப்புரையிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள ஊறுகாக்கு ஊத்துற வினாகிரி மணக்கு. நான் ஊறுகா போட்டு ஒரு மாசம் ஆச்சே."

"அது ஆசிட்டுட்டி. ரப்பர் பால் உறைய வைக்கிய ஆசிட்டு. ரப்பர்காரனைக் கெட்டிட்டு மல்லிப்பூவா மணக்கும்?"

"ஆசிட்டு மணம் எனக்குத் தெரியாதா? இது வேற."

புளிப்பு மணக்காத வீடே இல்லாத ஊரில் தேவகனியின் வாதம் எடுபடவில்லை.

2012 டிசம்பர் இருபத்தாறு. ஞானதாசனைத் தேவகனியே வரவழைத்துவிட்டாள். "பாத்துத் தொலைங்க. ஒண்ணு பேடி வரட்டும், இல்ல அந்தப் பரணாவது ஒழியட்டும்."

பெட்டியைத் திறந்ததும் கிட்டங்கியில் ஊறுகாய்ச் சாடி உடைந்ததுபோல வீச்சம் எழுந்தது. ஞானதாசன் தும்மினார். ரீல் வளைந்து, வெள்ளைப் பொடி பூத்து, பாதி, மரத்தில் உறைந்த ஒட்டுப்பால்போல ஒன்றாகியிருந்தது.

"சூட்டுல வச்சியா இதை?"

"புகைப்புரையில."

"செத்துப்போச்சு மக்கா. பிலிம் செத்தா இந்த மணந்தான் வரும். எனக்க பழைய படம் ஒண்ணும் இப்படித்தான் போச்சு."

மற்ற பெட்டிகளையும் திறந்தார்கள். எல்லாப் பேய்களும் ஒரே மணத்தில் இருந்தன. கிணற்றுப் படத்தில் பிரிந்துவந்த கொஞ்சத்தை மட்டும் ஞானதாசன் மெஷினில் கோத்தார். சுவரில் பனை வந்தது. கிணறு நெளிந்தது. ராந்தல்காரன் நடந்தான், குனிந்தான். டப் என்று பிலிம் அறுந்து, சுவர் முழுக்க வெறும் வெள்ளை விழுந்தது.

ரசலையன் தன் மணிக்கட்டைத் தானே பிடித்திருந்தான். விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை. மெஷின் அணைந்த பிறகும் அப்படியே இருந்தான்.

"என்னவாவது தோணிச்சா?" என்றாள் தேவகனி.

"இல்ல."

மறுநாள் வழக்கம்போல மீன்கூடையோடு வந்தாள் தேங்காய்ப்பட்டணத்து செசிலி. முற்றத்தில் குவிந்து கிடந்த பிலிமைக் கண்டு கூடையை இறக்கினாள்.

"இதைக் களையப் போறியளா அண்ணே? எனக்குத் தாங்க. கருவாடு காயப்போட்ட எடத்துல காக்கா தொல்லை தாங்க முடியல்ல. கம்பு நட்டு இதைக் கெட்டிவிட்டா, காத்துல மினுங்கும். ஒண்ணும் அண்டாது."

"இவ்வளவையும் கூடையில எப்படிக் கொண்டு போவ?" என்றாள் தேவகனி.

செசிலி ரசலையனைப் பார்த்தாள். எட்டு வருஷமாக அவன் கடற்கரைப் பக்கம் போனதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கூடையில் சாளை மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வண்டியில கொண்டாறேன்," என்றான் ரசலையன்.

கரையில் கருவாட்டுப் பாய்களைச் சுற்றிக் கம்புகள் நட்டிருந்தன. செசிலி பிலிமைக் கட்டக் கட்ட, காற்று அதை உதறியது. மோகினிகள், பூனைகள், பங்களா, வாச்சு கட்டிய பேய் எல்லாம் வெயிலில் மினுங்கின. காக்கைகள் பதறிக் கரைந்து தென்னைகளுக்கு ஓடின. படம் எடுத்தவர்கள் செய்த செலவுக்கு இது முதல் வெற்றியாக இருக்கலாம்.

மிச்சமிருந்த கிணற்றுப் படத்தைக் கட்ட, கடைசிக் கம்புக்குப் போனான் ரசலையன். அது தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தது. முடிச்சுப் போடும்போது ஒரு சின்ன அலை, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாதது, வந்து கணுக்காலைத் தொட்டது.

பிலிமைப் போட்டுவிட்டு அவன் ஓடினான். பாய்களை மிதித்து, கருவாட்டைச் சிதறடித்து, வண்டியில் முட்டித்தான் நின்றான். தம்பி நகம் பதித்த மணிக்கட்டு வலித்தது.

செசிலி பின்னால் வந்தாள். சிரிக்கவில்லை. "பேடியாட்டு இருக்கா அண்ணே?"

ரப்பர் விலை கேட்டவர்களுக்குச் சொல்கிற அதே குரலில், "இருக்கு," என்றான் ரசலையன்.